பயிற்சிக் கணக்கு வருகிறது, தேர்வில் வரவில்லை: கற்றல் ஆதரவு மையத்தில் என்ன கேட்பது?

கேள்வி (இரண்டாமாண்டு மாணவி):

பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குப் புள்ளியியல் கட்டாயப் பாடம். விரிவுரைகள் எதையும் தவறவிடுவதில்லை; ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் உள்ள பயிற்சிக் கணக்குகளையும் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறேன். ஆனால் இடைப்பருவத் தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் எங்கிருந்து தொடங்குவது என்றே விளங்காமல், பாதிக்கும் குறைவான மதிப்பெண்ணே பெற்றேன். எங்கள் வளாகத்தில் கற்றல் ஆதரவு மையம் ஒன்று உள்ளது. பின்தங்கியவர்கள்தாம் அங்கே செல்வார்கள் என்ற பேச்சு வகுப்பில் இருப்பதால் தயக்கமாக இருக்கிறது. அதைவிட, அங்கே போய் என்ன கேட்பது என்பதே புரியவில்லை. ‘புள்ளியியல் வரவில்லை’ என்று சொன்னால் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடியும் நடத்தத் தொடங்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். அதற்கு நேரம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (முன்னாள் சக மாணவப் பயிற்றுநர்):

முதலில் அந்தத் தயக்கத்தைப் பற்றி. அமெரிக்காவின் மிசூரி–கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் 1973-இல் தொடங்கிய ‘சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்னும் முறை பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. பலவீனமான மாணவர் யார் என்று தேடாமல், பலரும் தடுமாறும் பாடம் எது என்று பார்ப்பதே அதன் அடிப்படை. அப்பாடத்தை முன்பே நன்றாகத் தேறிய மாணவர் ஒருவர் மீண்டும் அதே விரிவுரைகளில் அமர்ந்து கேட்டு, பிறகு விருப்பமுள்ள எல்லோருக்கும் வாராந்தரக் கூடுகை நடத்துவார். முதல் மதிப்பெண் வாங்குபவரும் வரலாம், தோல்வியடைந்தவரும் வரலாம். யார் எதற்காக வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் மையத்தில் இத்தகைய கூடுகை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், நீங்கள் அஞ்சும் மறு விரிவுரை அங்கே நடக்காது, ஏனென்றால் விரிவுரையைத் திரும்ப நடத்துவது அந்தப் பயிற்றுநரின் வேலையே அன்று. கேள்வியை எழுப்பி, வந்தவர்களையே ஒருவருக்கொருவர் விளக்க வைப்பதுதான் அவர் பணி.

பதில் (புள்ளியியல் ஆசிரியர்):

நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இணை மாதிரிச் சோதனை (ஒரே நபர்களிடம் இருமுறை எடுத்த அளவீடுகளை ஒப்பிடுவது போன்றவற்றுக்கான முறை) என்ற அத்தியாயத்தின் முடிவில் உள்ள கணக்குகள் அனைத்தும் இணை மாதிரிச் சோதனையாலேயே தீரும். எந்த முறையைக் கையாள்வது என்ற முடிவை அத்தியாயத்தின் தலைப்பே உங்களுக்காக எடுத்துவிடுகிறது. நீங்கள் செய்வது கணக்கீடு மட்டுமே. தேர்வில் தலைப்பு இருக்காது. ஒரே நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் அவை இணை மாதிரிகள். மருந்து பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் தனித்தனியே அளந்திருந்தால் அவை சார்பற்ற மாதிரிகள். வினாவில் இந்த வேறுபாடு ஒரே சொற்றொடரில் மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பயிற்சிதான் உங்களுக்குக் குறைகிறது; பாடம் புரியவில்லை என்று நான் கருதவில்லை.

எனவே மையத்திற்குப் போகும்போது, திருத்தப்பட்ட விடைத்தாளையும், பல அத்தியாயங்களிலிருந்து கலந்து எடுத்த சில வினாக்களையும் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எந்த முறை, ஏன் அந்த முறை என்று ஓரிரு வரி எழுதிக்கொள்ளுங்கள். விடை காண வேண்டியதில்லை. ‘என் காரணம் எங்கே பிழைக்கிறது?’ என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அரை மணி நேரத்தில் தீரக்கூடிய கேள்வி அது.

குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் சற்றுக் குறைக்கலாம். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களே ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். படித்த அன்று இரவு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், தேர்வறையில் அது கலைந்துபோவதும் இதனால்தான்.

பதில் (முதுகலை மாணவர்):

மேற்சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் எல்லா மையங்களும் அவ்வளவு நன்றாக நடப்பதில்லை. சில பயிற்றுநர்கள் பொறுமையிழந்து, கணக்கைத் தாங்களே வேகமாகப் போட்டு முடித்துவிடுவார்கள். பார்க்கும்போது தெளிவாக இருக்கும், அறைக்குத் திரும்பினால் ஒன்றும் நிற்காது. எழுதுகோல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவர் எழுதத் தொடங்கினால், ‘அடுத்த வரியை நானே முயல்கிறேன்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: மதிப்பெண் உள்ள ஒப்படைப்பு வேலையை எடுத்துச் செல்வதற்கு முன், அதில் எந்த அளவு உதவி பெறலாம் என்று பாட ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விதி பாடத்துக்குப் பாடம் மாறும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. வாராந்தரக் கூடுகை உண்டு என்று மையத்தில் சொன்னார்கள். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி முறையைத் தவறாகத் தேர்ந்ததால் போனவையே, கணக்கீட்டுப் பிழைகள் மிகச் சிலவே. ஒரே ஒரு ஐயம்: பாட ஆசிரியரைச் சந்திக்கும் நேரமும் இருக்கும்போது, எதை யாரிடம் கொண்டு போவது?

பதில் (புள்ளியியல் ஆசிரியர்):

வினாவின் நோக்கம், மதிப்பெண் பிரிக்கப்பட்ட விதம், தேர்வுக்குரிய பகுதிகள் ஆகியவற்றைப் பாட ஆசிரியரிடம் மட்டுமே கேளுங்கள்; மையத்தில் இருப்பவர்கள் அவற்றை ஊகிக்கத்தான் முடியும். முறையைத் தேரும் பயிற்சிக்கு மையமே ஏற்றது, ஏனென்றால் அங்கே நான்குமுறை தவறாகச் சொன்னாலும் ஐந்தாவது முறை சொல்ல நேரம் கிடைக்கும். ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்தில் கதவுக்கு வெளியே வரிசை நிற்கும். தவறாகத் தேர்ந்த வினாக்களை இந்த வாரக் கூடுகைக்கே எடுத்துச் செல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அங்கே கூட்டம் பெருகி, ஒருவருக்கு ஒரு வினா கேட்கவே வாய்ப்புக் கிடைக்கும்.