நானுஓயாவில் வளர்ப்புக் கூடாரத்துக்குள் குடைமிளகாய், தக்காளி நாற்றுகள் தேறவில்லை: குறை பசளையிலா, குளிரிலா?

மலைத்தோட்டம் (நானுஓயா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லயத்துக் காம்பிராவின் பின்பக்கத்தில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட வளர்ப்புக் கூடாரம் ஒன்றை நிறுத்தி, எல்ஈடி விளக்கின் கீழ் குடைமிளகாய், தக்காளி, சலாது ஆகியவற்றுக்கு நாற்றுப் போட்டிருக்கிறேன். கலப்பின விதை இன்று விற்கும் விலையை நீங்கள் அறிவீர்கள்; ஒரு நாற்றுச் சாய்ந்தாலும் மனம் பதைக்கிறது.

சலாது நன்றாக நிற்கிறது. தக்காளியோ முதல் உண்மையிலை (வித்திலைகளுக்குப் பின் வரும் இலை) விட்ட பிறகு அப்படியே நின்றுவிட்டது. இலைகளின் அடிப்புறம் ஊதா நிறமாக மாறியிருக்கிறது. குடைமிளகாயில் பாதிக்குமேல் முளைக்கவேயில்லை. முளைத்தவற்றிலும் சில, மண்மட்டத்தில் தண்டு நூல்போல் மெலிந்து, மாலையில் நிமிர்ந்து நின்றவை காலையில் சாய்ந்து கிடக்கின்றன.

தும்புத்தூளும் கூட்டெருவும் சரிபாதி, அத்துடன் தேயிலை மலையிலிருந்து எடுத்த மண் சிறிதளவு கலந்திருக்கிறேன். விளக்கு காலை 6 மணிக்கு எரிந்து இரவு 8 மணிக்கு அணைகிறது. கூடாரத்தில் தொங்கும் வெப்பமானி பகலில் 25 பாகை காட்டுகிறது. தினமும் காலையில் மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைத் தெளிக்கிறேன். தட்டுகள் சீமெந்துத் தரையிலேயே இருக்கின்றன. விடியற்காலையில் கூடாரத்தின் உட்சுவர் முழுவதும் வியர்த்திருக்கிறது.

ஊதா நிறம் பொசுபரசுக் குறைபாடு என்றும், பசளையைக் கூட்டும்படியும் ஒருவர் சொன்னார். வெளியே எந்நேரமும் பனிமூட்டமாக இருப்பதால் காற்றை வெளியேற்றும் விசிறியை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நாற்றுமேடை (பண்டாரவளை) எழுதியது:

தம்பி, சாய்ந்து விழுவது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற, பங்கசுகளாலும் பங்கசு போன்ற நுண்ணுயிர்களாலும் வருவது. தண்டு மெலிந்த நாற்று மீண்டும் எழும்பாது. அதை அதன் குழியிலுள்ள கலவையோடு சேர்த்து எடுத்துக் கூடாரத்துக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். பக்கத்துக் குழிகளுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். அடுத்த முறை போடுவதற்கு முன் தட்டுகளை நன்றாகக் கழுவி, வீட்டில் பயன்படுத்தும் குளோரின் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள்.

தட்டைத் தொட்டால் மிகச் சிறிய கறுப்பு ஈக்கள் எழும்புகின்றனவா என்றும் பாருங்கள். அவற்றின் புழுக்கள் ஈரமான கூட்டெருவில் வாழ்ந்து இளவேரைத் தின்பதோடு நோயையும் குழிக்குக் குழி கொண்டுபோகும். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும்.

விதைக்கும் கலவையில் தேயிலை மண் வேண்டவே வேண்டாம். தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை, தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் 6 முதல் 6.5 வரை தேவை. அந்த மண்ணில் வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் இருக்கக்கூடும். தும்புத்தூளையும் உப்புப் போகும்வரை பலமுறை கழுவிப் பிழிந்தே பயன்படுத்த வேண்டும்.

வேர்நலம் (தலவாக்கலை) எழுதியது:

பண்டாரவளை அண்ணன் சொன்னவை அனைத்தும் சரியானவை; ஆனால் நோய் ஏன் அங்கே இடம் பிடித்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. நீங்கள் எழுதிய அறிகுறிகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வேர் இருக்கும் இடத்தின் குளிரையே நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

தொங்கும் வெப்பமானி விளக்கின் கீழுள்ள காற்றின் வெப்பத்தைத்தான் சொல்கிறது. நாற்றின் வேரோ, ஈரம் ஆவியாகிக் குளிர்ந்துகொண்டிருக்கும் கலவைக்குள், சீமெந்துத் தரையின் மேல், காலையில் ஊற்றிய பீலித் தண்ணீரோடு இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறீர்கள். தை, மாசி மாதங்களில் புல்லில் உறைபனி விழக்கூடிய பிரதேசத்தில், தகரக் கூரையின் கீழுள்ள அறை இரவு 8 மணிக்குப் பிறகு எவ்வளவு குளிரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. குடைமிளகாய் விதை 25 முதல் 28 பாகையில் நன்றாக முளைக்கும். 15 பாகைக்குக் கீழே ஏறத்தாழ உறங்கிவிடும். சலாது 15 முதல் 20 பாகையிலேயே மகிழ்ச்சியாக முளைப்பதால்தான் அது மட்டும் தப்பியிருக்கிறது. உங்கள் கூடாரத்தில் எது வாழ்கிறது, எது வாடுகிறது என்பதே பெரிய சான்று.

ஊதா நிறத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். குளிர்ந்த வேரால், கலவையில் பொசுபரசு போதியளவு இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. எனவே பசளையைக் கூட்டினால் உப்புத்தான் கூடும். ஏற்கெனவே தடுமாறும் வேர் கருகும். தயவுசெய்து இப்போதைக்குப் பசளையைத் தொடாதீர்கள்.

விசிறியை நிறுத்தவும் வேண்டாம். முழுவதும் ஈரம் நிறைந்த 14 பாகைப் பனிக்காற்றை உள்ளே இழுத்து 24 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சாரீரப்பதன் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு) ஏறத்தாழ 54 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே விளக்கு எரியும்வரை பனிமூட்டம் உங்களுக்கு எதிரியல்ல. விளக்கு அணைந்து காற்று குளிரும்போதுதான் பகலில் கலவையிலிருந்து எழுந்த ஈரமெல்லாம் சுவரிலும் இலையிலும் நீராகப் படிகிறது. அந்தக் குளிர்ந்த நனைந்த நேரமே பித்தியத்துக்கு வசதியான நேரம்.

அதனால் செலவில்லாத மாற்றம் ஒன்றை முதலில் செய்து பாருங்கள்: நாற்றின் பகலை இரவுக்கு மாற்றுங்கள். டைமரை இரவு 10.30க்கு எரிந்து மறுநாள் நண்பகல் 12.30க்கு அணையும்படி வையுங்கள். பதினான்கு மணி நேர ஒளி அப்படியே கிடைக்கும். விளக்கின் சூடு மிகக் குளிரான நேரத்தில் பயன்படும். இருள் வரும்போது அறை பகல் வெப்பத்தில் இருக்கும். நேரவாரி மின்கட்டணம் உள்ளவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையிலான உச்சக் கட்டணமும் தவிரும். தட்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தி ரெஜிபோம் (குளிரைத் தடுக்கும் வெள்ளை நுரை) பலகையின் மேல் வையுங்கள். தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து முதல்நாளே கூடாரத்துக்குள் வைத்துவிட்டு, மறுநாள் அதைத் தட்டின் அடியிலிருந்து ஊறவிடுங்கள். மேற்பரப்பு வெளிறிக் காயும்வரை மறுபடி ஊற்ற வேண்டாம்.

இவற்றைச் செய்வதற்கு முன், விடியற்காலையில் வெப்பமானியின் முனையைக் குழிக்குள் செருகி அளந்து இங்கே எழுதுங்கள். நான் நினைப்பது தவறென்றால் அந்த எண்ணே காட்டிவிடும்.

கோவாக்காரன் (வெலிமடை) எழுதியது:

இரவில் ஒரு கரிச்சட்டியையோ மண்ணெண்ணெய் விளக்கையோ கூடாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதாதா? எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுக்கு அப்படித்தான் சூடு கொடுக்கிறார்கள்.

வேர்நலம் (தலவாக்கலை) எழுதியது:

ஐயா, அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். கூடாரத் துணி எளிதில் தீப்பற்றும். ஆட்கள் உறங்கும் மூடிய அறையில் கரி எரித்தால் காபன் மொனொக்சைட் உயிரையே எடுத்துவிடும். சரியாக எரியாத மண்ணெண்ணெயிலிருந்து வரும் எதிலீன் வாயுவைத் தக்காளியும் தாங்காது; இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்துவிடும். சூடு போதவில்லையென்றால் நாற்றுக்கென்றே விற்கும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுள்ள சூடேற்றும் விரிப்பே பாதுகாப்பானது.

மலைத்தோட்டம் (நானுஓயா) எழுதியது:

அளந்து பார்த்தேன். விடியற்காலை ஐந்தரைக்குக் குழிக்குள் 12 பாகை; காற்றில் 25 காட்டிய நண்பகலிலும் கலவைக்குள் 17 மட்டுமே. நேரத்தை மாற்றி, பலகையும் வைத்த பிறகு, அதே விடியற்காலை வேளையில் 18 காட்டுகிறது. சுவரில் வியர்வை வெகுவாகக் குறைந்திருக்கிறது. புதிதாக எந்த நாற்றும் சாயவில்லை. தக்காளியின் பழைய இலைகள் இன்னும் ஊதாவாகவே இருக்கின்றன, ஆனால் நடுவில் வரும் புதிய இலை பச்சையாக இருக்கிறது. குடைமிளகாய்தான் இன்னும் அசையவில்லை. ஒட்டு அட்டையில் சில கறுப்பு ஈக்களும் அகப்பட்டன. இனிப் பசளை கொடுக்கலாமா?

வேர்நலம் (தலவாக்கலை) எழுதியது:

புதிய இலை பச்சையாக வந்ததே நாம் பார்க்க வேண்டிய அறிகுறி; பழைய இலையின் நிறம் திரும்பாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். தக்காளிக்கு இரண்டாவது உண்மையிலை நன்கு விரிந்ததும், அல்பேட் கரைசலை (நீரில் கரைத்துக் கொடுக்கும் பசளை) பொதியில் சொல்லப்பட்டதில் கால் பங்குச் செறிவில் தொடங்கலாம். குடைமிளகாய்க்கு 18 பாகை போதாது. மீதமுள்ள விதையை இந்தக் கலவையில் போடாமல், கழுவிய தும்புத்தூளில் தனித் தட்டில் போட்டு, அந்த ஒரு தட்டுக்கு மட்டும் விரிப்பை வாங்குங்கள். முளைத்து வித்திலை விரிந்தவுடன் விரிப்பிலிருந்து இறக்கி விளக்கின் கீழ் வைத்துவிடலாம். சலாதைக் கூடாரத்தின் குளிரான மூலைக்கு, விசிறியின் பக்கமாக நகர்த்துங்கள். ஈக்கள் பெருகினால், மேற்பரப்பைக் காயவிட்ட பிறகும் குறையாவிட்டால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலோ கேட்டுவிட்டு மருந்தைத் தீர்மானியுங்கள்.