ஓசிடி ரிப்போர்ட்டை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது?

வணக்கம். என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்). இடது கண்ணில் முன்பு பார்வை நரம்பு அழற்சி வந்து போனது. ஆனால் இப்போது எடுத்த ஓசிடி ஸ்கேனில் (ஒளியால் விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளப்பது), எதுவுமே வராத வலது கண்ணில் விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளின் அடுக்கு 86 மைக்ரான் தடிமன்தான் இருக்கிறது.

2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், அழற்சி வராத கண்ணில் இந்த அடுக்கு ஸ்பெக்ட்ராலிஸ் கருவியில் 87 மைக்ரானோ அதற்குக் கீழோ இருந்தால் (சிரஸ் கருவியில் 88) அடுத்த சில வருடங்களில் இயலாமை கூடும் வாய்ப்பு இரு மடங்கு என்று பார்த்தேன். படித்ததிலிருந்து தூக்கமில்லை. அது கூட்டத்துக்கான கணக்கு, அக்காவின் ஜாதகம் இல்லை என்பது புரிகிறது. தவிர, அவளுக்கு மைனஸ் பவர் அதிகம். கிட்டப்பார்வை அதிகமிருந்தாலே இந்த அடுக்கு மெலிதாகத் தெரியுமாம்.

நன்றாகத்தான் நடக்கிறாள். இந்த நோயில் இயலாமையை 0 முதல் 10 வரை அளக்கும் இடிஎஸ்எஸ் மதிப்பெண் 1.5. ஆனால் அந்த அளவுகோல் 4க்கு மேல் பெரும்பாலும் நடையைத்தான் பார்க்கிறது. அதனால் அதை மட்டும் நம்பவும் மனம் வரவில்லை. நரம்பியல் டாக்டரோ எம்ஆர்ஐ போதும் என்கிறார்.

உங்களில் யாருக்காவது எம்ஆர்ஐயோடு ஓசிடியையும் பார்த்து மருந்தை மாற்றியிருக்கிறார்களா? எவ்வளவு இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள்? கருவி மாறினால் எண்களை ஒப்பிட முடியாது என்பதால் அதே சென்டருக்கே போவோம். அப்புறம், ரிப்போர்ட்டில் கேங்ளியான் செல் அடுக்கின் (அந்த நரம்பிழைகள் கிளம்பும் செல்கள் இருக்கும் விழித்திரை அடுக்கு) அளவு இல்லை. அதைத் தனியாகக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், என்னவென்று சொல்லிக் கேட்டீர்கள்?