கதவுக்குள்ளே சப்வூஃபர் பெட்டி: தண்ணீர் இறங்குமா, இறங்காதா?

முதுநகர் ஃபைபர்:
நேற்று இன்னொரு பேச்சில் பிஒய்01 பேஸ் எழுதியது இது: “பின்கதவில் சப் பெட்டி அடிக்க 18 எம்எம் எம்டிஎஃப் தாராளம். கதவுக்குள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. கண்ணாடி ஓரத்து ரப்பர் எதற்கு இருக்கிறது?” சப் என்றால் அடித்தாளத்துக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர், எம்டிஎஃப் என்றால் மரநாரை அழுத்திச் செய்த பலகை. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியபோது நான் கற்ற தொழில் இது. கடலூர் முதுநகரில் படகுக்கு ஒட்டு வேலை பார்க்கிறேன். ஐந்தாறு வருடமாகக் கார் கதவுக்கும் பெட்டி போட்டுத் தருகிறேன். கதவுக்குள்ளே தண்ணீர் இறங்கும். மழை பெய்தால் இறங்கும், வண்டி கழுவினாலும் இறங்கும். கண்ணாடி ஏறி இறங்க ஒரு இடைவெளி வேண்டுமே, அந்த வழியாகத்தான். அதற்காகவே கதவின் அடியில் கம்பெனிக்காரனே ஓட்டை விட்டிருக்கிறான். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினால் தகரத்தின் மேல் பாலிதீன் தாள் ஒட்டியிருக்கும். அது என்ன அழகுக்கா?

போன மாதம் ஒரு ஸ்விஃப்ட் வந்தது. எந்தக் கடையில் பெட்டி அடித்தது என்று சொல்ல மாட்டேன். பக்கக் கதவை ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்றது. அடி ஓட்டையில் மண் அடைத்துக் கிடந்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டி என் முழங்கை வரை வழிந்தது. பாலிதீன் தாளைக் கிழித்துப் போட்டு, பெட்டியைத் தகரத்துக்குள் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். பெட்டியின் கீழ் மூலை டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது. கிள்ளினால் கையோடு வந்தது. அந்தத் தம்பி சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது.

பிஒய்01 பேஸ்:
அண்ணே, அது அந்தக் கடைக்காரரின் கை. எம்டிஎஃப் என்ன பாவம் செய்தது? பதினோரு வருடமாகப் புதுச்சேரியில் இதைத்தான் செய்கிறேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். என் வண்டி திண்ணையோரம் நின்று முழு மழையையும் வாங்கியது. பின்கதவுப் பெட்டி இன்றைக்கும் கல் மாதிரி இருக்கிறது. தண்ணீர் இறங்காது. படகுக்கு ஒட்டுப் போடுகிறவருக்கு ரோட்டில் போவதெல்லாம் மிதப்பதாகத் தெரிந்தால் நான் என்ன செய்ய?

பண்ருட்டி பொலிரோ:
ஒரு சந்தேகம். நான் பொலிரோ வைத்திருக்கிறேன். பின்கதவு என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பின்சீட்டுக்காரர் ஏறும் கதவா, ஸ்டெப்னி மாட்டியிருக்கும் கடைசிக் கதவா? என் வண்டியின் கடைசிக் கதவில் கண்ணாடி இறங்காது, அப்படியே ஒட்டியது.

முதுநகர் ஃபைபர்:
எந்தக் கதவானாலும் கதவு கதவுதான் தம்பி. இறங்கும்.

பிஒய்01 பேஸ்:
இறங்காது.

லிட்டர் கணக்கு:
தண்ணீரை விடுங்கள், காற்றைப் பேசுங்கள். பெட்டியில் முக்கியம் உள்ளே அடங்கும் காற்றின் அளவு. பக்கக் கதவில் 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. உயரம், 6 செ.மீ. ஆழம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வெளி அளவு 12.6 லிட்டர். 18 எம்எம் எம்டிஎஃப் போட்டால் ஆறு பக்கமும் பலகை தின்றுவிட்டு உள்ளே மிஞ்சுவது 4.25 லிட்டர்தான். 5 எம்எம் ஃபைபர் போட்டால் 10 லிட்டர் மிஞ்சும்.

இப்போது ஸ்பீக்கருக்கு வருவோம். விஏஎஸ் (ஸ்பீக்கர் கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றளவு) 30 லிட்டர், க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு நீடிக்கும் என்ற எண்) 0.45, எஃப்எஸ் (ஸ்பீக்கரின் சொந்த ஒத்ததிர்வு) 30 ஹெர்ட்ஸ் என்றால், 10 லிட்டர் மூடிய பெட்டியில் க்யூடிசி (பெட்டிக்குள் போன பிறகு அதே எண்) 0.9, ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸ். 4.25 லிட்டரில் அது 1.28 ஆகி, ஒத்ததிர்வு 85 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பிஒய்01 பெட்டியில் தவிலின் அடித்தாளம் தரும் தொப்பிப் பக்கம் கேட்காது, தகர டப்பா கேட்கும். க்யூடிசி 0.7 பக்கம் வந்தால்தான் அடி சுத்தமாக விழும். ஸ்பீக்கரின் முதுகு அடைக்கும் இடத்தையும் இதில் கழிக்க வேண்டும், அதை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

முதுநகர் ஃபைபர்:
பார்த்தீர்களா, கணக்குத் தெரிந்தவரே ஃபைபர் என்கிறார்.

லிட்டர் கணக்கு:
நான் ஃபைபர் என்று சொல்லவில்லை. அளவைச் சொன்னேன். 5 எம்எம் ஃபைபரைத் தட்டையாக விட்டால் அதுவே பறை மாதிரி அதிரும். வளைவு வேண்டும், இல்லையென்றால் உள்ளே குறுக்கு விலா வேண்டும்.

முதுநகர் ஃபைபர்:
விலாவைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள்? அலையில் மோதும் படகுக்கு விலா வைத்துக் கட்டுகிறவன் நான். சொல்கிறேன், கேளுங்கள். முதலில் டோர் பேடுக்கு மேல் அலுமினியத் தாளும் டேப்பும் ஒட்டி மெழுகு தடவி, பின்பக்கத்தைக் கண்ணாடி நார் மேட் போட்டு அச்செடுப்பேன். தாளும் தகரமும் இருக்கிற இடத்தில் இருக்கும், பெட்டி உட்பக்கம் மட்டும் நிற்கும். ஸ்பீக்கர் வட்டத்துக்கு மட்டும் பிளைவுட் வளையம், அதுவும் தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 தர மரைன் பிளை. வளையத்திலிருந்து ஓரம் வரை துணியை இழுத்துக் கட்டி அதன் மேல் இறுகும் பசையான ரெசின். ரெசினில் முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகுதான் கெட்டியாக்கும் ஹார்டனர். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றினால் வெடித்துத் தீப்பிடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் ஹார்டனர் அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கையில் பிடித்த டப்பாவே சுட ஆரம்பித்து நிமிடத்தில் கல்லாகிவிடும். இதெல்லாம் பழகின கைக்குத்தான் வரும்.

இன்னொன்று. அச்சுக்குத் தெர்மோகோல் வைத்து அதன் மேல் நேராக ரெசின் பூசினால் தெர்மோகோல் கரைந்து குழிந்துவிடும். போன வருடம் அதைத்தான் ஒருவர் இங்கே “எளிய வழி” என்று படம் போட்டு எழுதினார். யார் என்று அவருக்கே தெரியும்.

பிஒய்01 பேஸ்:
அந்தப் பழைய கதையை இன்னும் விடவில்லையா? அப்போதே சொன்னேன், மேலே டேப் சுற்றச் சொல்லியிருந்தேன், நீங்கள் அந்த வரியைப் படிக்கவில்லை. இப்போதும் நான் எழுதியதைப் படிக்காமல்தான் பாய்கிறீர்கள். நான் எம்டிஎஃப்புக்கு உள்ளும் புறமும் ஈரம் புகாத பூச்சான சீலர் இரண்டு கோட் அடிப்பேன். அறுத்த ஓரத்துக்கு மூன்று. ஊறவே ஊறாது.

முதுநகர் ஃபைபர்:
தண்ணீரே இறங்காது என்றால் சீலர் எதற்கு?

பிஒய்01 பேஸ்:
கடற்கரை ஊர் ஈரக் காற்றுக்கு. தண்ணீர் இறங்காது.

வில்லியனூர் டிங்கர்:
நான் முப்பது வருட டிங்கர். நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவுக்குள்ளே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் போகிறதே, அதை அறுக்காதீர்கள். பக்கவாட்டில் மோதினால் பின்சீட்டில் இருக்கிற பிள்ளையின் விலாவைக் காப்பாற்றுவது அதுதான். நம் நாட்டில் 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கு பக்கவாட்டு மோதல் சோதனை கட்டாயம். ஸ்பீக்கர் மேக்னட்டுக்கு இடம் போதவில்லை என்று அந்தக் குழாயை கிரைண்டரால் வெட்டிய ஒரு கதவு என் பட்டறைக்கு வந்தது. வெட்டியவனைத் திட்டிக்கொண்டே வெல்டிங் வைத்தேன், ஆனால் வெல்டிங் வைத்த குழாய் பழைய குழாய் ஆகாது.

அப்புறம் கீல். பெட்டி, ஸ்பீக்கர், மேலே பூசிய பட்டி எல்லாம் சேர்த்து பதினைந்து கிலோ தொங்கினால் ஆறு மாதத்தில் கதவு இறங்கிவிடும். தூக்கி அறைந்து மூட வேண்டியிருக்கும்.

பிஒய்01 பேஸ்:
அண்ணா, நீங்களாவது சொல்லுங்கள், எத்தனை கதவு பிரித்திருப்பீர்கள், தண்ணீர் பார்த்தீர்களா?

வில்லியனூர் டிங்கர்:
துரு பார்த்திருக்கிறேன்.

முதுநகர் ஃபைபர்:
துரு எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா?

பிஒய்01 பேஸ்:
உப்புக் காற்றிலிருந்து வரும். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். உங்கள் கடலூர் டிஎன்31 ரோட்டில் ஓடும் வண்டி எப்படியும் குழியில் குலுங்கி ரப்பர் பெயர்ந்திருக்கும், அந்த வண்டியைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே சட்டம் எழுதுகிறீர்கள்.

முதுநகர் ஃபைபர்:
எங்கள் ரோட்டைப் பற்றிப் பேசாதீர்கள். வரி மிச்சம் பிடிக்க புதுச்சேரியின் பிஒய் நம்பர் வாங்கிக்கொண்டு வருடம் முழுக்க எங்கள் ரோட்டில்தானே ஓட்டுகிறீர்கள்? 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்த மாவட்டமே நொறுங்கிக் கிடந்தது. 2015 வெள்ளத்தில் வண்டிகள் கழுத்தளவு நின்றன. தண்ணீர் என்ன செய்யும் என்று கடலூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பிஒய்01 பேஸ்:
தானே புயல் எங்களையும்தான் அடித்தது. அது என்ன உங்கள் வீட்டுச் சொத்தா?

பண்ருட்டி பொலிரோ:
மன்னிக்கவும், என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கண்ணாடி இறங்கும் கதவு, இறங்காத கதவு, இரண்டும் ஒன்றா? முதுநகர் அண்ணன் பிரித்தது ஸ்விஃப்ட்டின் பக்கக் கதவு. பிஒய்01 அண்ணன் தன் வண்டியில் எந்தக் கதவில் போட்டிருக்கிறார் என்று சொல்லவே இல்லை. அதைச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் போலிருக்கிறதே. என் ஸ்டெப்னிக் கதவில் ஏற்கெனவே டயர் தொங்குகிறது, அதனால் கீலைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

பிஒய்01 பேஸ்:
என் வண்டியை ஏன் இழுக்கிறீர்கள் தம்பி? பின்கதவு என்றால் பின்கதவு.

மஞ்சக்குப்பம் வாசி:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், அக்கம்பக்கத்து வீட்டைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் தெருவில் ஒரு வண்டி போனால் ஜன்னல் கம்பி நடுங்குகிறது, தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்று 2000ஆம் வருட ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. கதவிலேயே பெட்டி வைத்தால் கதவே ஸ்பீக்கராகி வெளியேதான் அதிரும்.

லிட்டர் கணக்கு:
அம்மா, ஜன்னல் நடுங்குவதற்குக் காரணம் குறைந்த அதிர்வெண். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், காரைவிட நீளம். அதனால் பெட்டி டிக்கியில் இருந்தாலும் கதவில் இருந்தாலும் உள்ளே உட்கார்ந்தவருக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. கதவை வெட்டிச் சிரமப்பட வேண்டிய அவசியமே இல்லை என்பதும் என் வாதம், அதையும் யாரும் கேட்கவில்லை.

முதுநகர் ஃபைபர்:
அம்மா, உங்கள் கோபம் நியாயம். என்னிடம் வருகிற பையன்களிடம் தெருவுக்குள் நுழைந்தால் குறைத்துவிடு என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

லிட்டர் கணக்கு சார், டிக்கியில் வைத்தால் பலாப்பழ மூட்டை எங்கே வைப்பார் பண்ருட்டித் தம்பி? கதவைக் கேட்டு வருகிறவர்கள் இடத்துக்காகத்தான் வருகிறார்கள். இடத்துக்காக வந்தவரிடம் எம்டிஎஃப் பெட்டியைத் தலையில் கட்டி, இடமும் போய், சத்தமும் போய், ஒரு ஐப்பசி முடிவதற்குள் பெட்டியும் போகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. தண்ணீர் இறங்காது என்று இவர் எழுதிய ஒரு வரியை நம்பி இன்னும் எத்தனை பேர் பாலிதீன் தாளைக் கிழிக்கப் போகிறார்களோ.

பிஒய்01 பேஸ்:
தாளைக் கிழிக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

முதுநகர் ஃபைபர்:
தண்ணீர் இறங்காது என்றால் தாள் எதற்கு என்றுதானே படிக்கிறவன் நினைப்பான்?

பிஒய்01 பேஸ்:
நினைக்கிறவர்களுக்கெல்லாம் நான் பொறுப்பா?

முதுநகர் ஃபைபர்:
சரி, ஒன்று செய்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வண்டியை முதுநகருக்குக் கொண்டு வாருங்கள். டோர் பேடைக் கழற்றுவோம். கண்ணாடிக்கு மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். எது வழியே இறங்குகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

பிஒய்01 பேஸ்:
நான் ஏன் எல்லையிலிருக்கும் முள்ளோடை தாண்டி வர வேண்டும்? சந்தேகம் உங்களுக்கு, நீங்கள் வாருங்கள். அதோடு என் பெட்டியைக் கழற்ற யாரையும் விட மாட்டேன். பட்டி தேய்த்துப் பெயின்ட் அடித்த வேலை அது.

முதுநகர் ஃபைபர்:
கழற்ற விட மாட்டாராம். ஊறியிருக்கும் என்று அவருக்கே பயம்.

பிஒய்01 பேஸ்:
பயமெல்லாம் இல்லை. இறங்கவில்லை, ஊறவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் டிங்கர்:
யாராவது முதலில் அடி ஓட்டையைக் குத்தி விடுங்கள் ஐயா. அதற்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை.

பண்ருட்டி பொலிரோ:
டிங்கர் அண்ணா, ஸ்டெப்னிக் கதவிலும் அந்த ஓட்டை இருக்குமா?

முதுநகர் ஃபைபர்:
இருக்கும் தம்பி. ஓட்டை எதற்கு என்று பிஒய்01 அண்ணனையே கேளுங்கள்.