ஏரோப்ளேன் மோடு போட்டால் கிண்டில் வாயை மூடிவிடுமா?

கிண்டில் என்பது அமேசானின் மின்புத்தகக் கருவி. மேலே உள்ள கேள்விக்குக் குமரி மாவட்டத்தில் இருந்து ஆளுக்கொரு பகுதியாக எழுதியது கீழே. ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் ஊர்.

வடசேரி

ஏரோப்ளேன் மோடு போட்டாச்சு, இனி நாம என்ன படிக்கிறோம்னு யாருக்கும் தெரியாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். வைஃபை இல்லாத நேரத்தில் எந்தப் புத்தகத்தைத் திறந்தோம், எதுவரை போனோம், எதற்கு அடிக்கோடு போட்டோம் என்பது கருவிக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். புதுப் புத்தகம் இறக்க என்று வைஃபையைத் திறக்கும் நாளில் எல்லாம் மொத்தமாக மேலே போகும்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. 2015 ஜூலையில் இருந்து கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் எழுத்தாளருக்குப் பணம் கொடுப்பதே வாசிக்கப்பட்ட பக்கங்களை எண்ணித்தான். ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல்முறை வாசித்தால்தான் கணக்கு, மறுவாசிப்புக்குக் காசு கிடையாது. அப்படியென்றால் எந்தக் கணக்குக்காரர் எந்தப் பக்கத்தை ஏற்கெனவே வாசித்துவிட்டார் என்பதை நிறுவனம் நினைவில் வைத்தே ஆகவேண்டும். எழுத்தாளருக்கு எண்ணிக்கை மட்டும்தான் போகும், பெயர் போகாது.

குறைக்க வழி உண்டு. அமேசான் தளத்தில் 'மேனேஜ் யுவர் கன்டென்ட் அண்ட் டிவைசஸ்' பக்கம் போய், பிரிஃபரன்சஸ் என்பதற்குள் டிவைஸ் சிங்க்ரனைசேஷன் (கருவிகளுக்கிடையே வாசித்த இடத்தை ஒத்திசைக்கும் 'சிங்க்') என்பதை அணைக்கவும். கருவியில் செட்டிங்ஸ், டிவைஸ் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் பிரைவசி என்று ஒன்று இருக்கும் (பழைய மென்பொருளில் இடம் மாறும்). அதை அணைத்தால் நம் பயன்பாட்டை விளம்பரத்துக்கும் தயாரிப்பு மேம்பாட்டுக்கும் எடுத்துக்கொள்வது நிற்கும். வாங்கிய புத்தகத்தின் உரிமச் சரிபார்ப்பு நிற்காது. அதோடு, சிங்க் அணைந்தால் போனில் விட்ட இடத்தில் இருந்து கிண்டிலில் தொடர முடியாது. இந்த வசதி போனாலும் பரவாயில்லை என்பவர்கள்தான் செய்யவேண்டும்.

குளச்சல்

அண்ணாச்சி சொன்னது நிறுவனம் பார்ப்பது. நம்ம பக்கம் அதைவிடப் பெரிய ஓட்டை வீட்டுக்குள்ளேதான். மஸ்கட்டில் இருக்கும் மகன் பெயரில் ஒரே அமேசான் கணக்கு. அவன் கையில் ஒரு கிண்டில், ஊரில் அம்மா கையில் ஒன்று, படிக்கிற தங்கச்சி போனில் ஆப். ஒருத்தர் வாங்குவது மற்ற இருவரின் லைப்ரரியிலும் அட்டைப்படத்தோடு வந்து நிற்கும்.

புத்தகம் பரவாயில்லை. சென்ட் டு கிண்டில், அதாவது கிண்டிலுக்கென்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பும் பிடிஎஃப்தான் வினை. ஸ்கேன் ரிப்போர்ட், நிலப் பத்திரம், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் படிக்கலாமே என்று அனுப்பிவிடுகிறார்கள். அது கருவியில் மட்டும் இருப்பதில்லை, அமேசான் கிளவுடில் ஒரு பிரதி தங்கும். கருவியில் அழுத்திப் பிடித்து 'ரிமூவ்' கொடுத்தால் கருவியில் இருந்துதான் போகும். தளத்தில் கன்டென்ட் பட்டியலை 'டாக்ஸ்' என்று மாற்றி, அங்கே டெலீட் செய்தால்தான் கிளவுடில் இருந்தும் போகும். இனிமேல் தங்கவே கூடாது என்றால் பிரிஃபரன்சஸ், பெர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸ் போய் ஆர்க்கைவிங்கை (கிளவுடில் சேமிப்பதை) அணைக்கவும். அதே பக்கத்தில், யார் அனுப்பினால் ஏற்கலாம் என்ற மின்னஞ்சல் பட்டியலும் இருக்கும். தெரியாத முகவரி இருந்தால் தூக்கிவிடுங்கள்.

எளிய வழி ஆளுக்கொரு கணக்கு. ஆனால் பழைய கணக்கில் வாங்கிய புத்தகங்கள் புதுக் கணக்குக்கு மாறாது. அதனால்தான் யாரும் மாறுவதில்லை.

மார்த்தாண்டம், பழுது வேலை

கைமாறி வரும் கிண்டில்களைப் பற்றிக் கொஞ்சம். விற்கிறவர்கள் பெரும்பாலும் புத்தகங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கேபிளை மாட்டி 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால் 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு உட்கார்ந்திருக்கும். முதல் வரி புத்தகப் பெயர், ஆசிரியர். அடுத்த வரியில் எந்த லொக்கேஷன் (புத்தகத்தில் எந்த இடம்), எந்தக் கிழமை, என்ன தேதி, எத்தனை மணி. அதன் கீழே அடிக்கோடிட்ட வாக்கியமோ வாசகர் தட்டி வைத்த குறிப்போ. கடைசியில் சமக்குறி வரிசை ஒன்று, பிறகு அடுத்த குறிப்பு. புத்தகத்தை அழித்தாலும் இந்தக் கோப்பு போகாது, பூட்டும் கிடையாது, நோட்பேடில் திறக்கும். ஒருவர் ராத்திரி எத்தனை மணிவரை விழித்து எந்த நோயைப் பற்றிப் படித்தார் என்பதுவரை சொல்லிவிடும்.

விற்கும் முன்: முதலில் செட்டிங்ஸில் 'யுவர் அக்கவுன்ட்' போய் டீரெஜிஸ்டர் (கணக்கில் இருந்து கருவியை விலக்குவது). பிறகு டிவைஸ் ஆப்ஷன்ஸில் ரீசெட். டீரெஜிஸ்டர் மட்டும் செய்தால் கேபிள் வழி ஏற்றிய கோப்புகள் உள்ளேயே கிடக்கும்.

வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் அங்கேயே வைஃபையில் இணைத்து உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். திருட்டுப்போனதாகப் புகார் உள்ள கருவி பதிவாகாது. முந்தையவர் பெயரிலேயே இருந்தால் அவர் கணக்கில் நீங்கள் புத்தகம் வாங்கிவிட முடியும். கேட்க வேடிக்கை, சண்டை வந்தால் வேடிக்கை இல்லை.

தக்கலை

கிண்டில் மாதிரியே இன்னொரு நிறுவனத்தின் கருவியான கோபோவுக்கும் யாராவது எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் கையில் இப்போது அதைப் பார்க்க முடிகிறது.

கேபிளில் மாட்டி, கணினியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் புள்ளி வைத்துத் தொடங்கும் கோபோ ஃபோல்டர் தெரியும். உள்ளே 'கோபோரீடர்' என்ற எஸ்க்யூலைட் கோப்பு, அதுதான் கருவியின் தரவுத்தளம். அதை முதலில் கணினிக்குப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியை மட்டும் டிபி பிரௌசர் என்ற இலவச மென்பொருளில் திறங்கள். 'அனலிட்டிக்ஸ் ஈவென்ட்ஸ்' என்ற அட்டவணையில், அனுப்பக் காத்திருக்கும் பதிவுகள் வரிசையாக இருக்கும். ஏரோப்ளேன் மோடு பற்றி வடசேரி அண்ணாச்சி சொன்னதைக் கோபோவில் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குறைக்க: அதே ஃபோல்டருக்குள் இன்னொரு கோபோ ஃபோல்டர், அதில் 'கோபோ ஈரீடர்' என்ற கான்ஃப் (அமைப்புகள்) கோப்பு. அதில் அப்ளிகேஷன் பிரிஃபரன்சஸ் என்ற தலைப்பின் கீழ் 'சைட்லோடட்மோடு' என்ற சொல்லை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதி, சமக்குறி போட்டு 'ட்ரூ' என்று சேர்த்தால் கணக்கு இல்லாமலே கருவி ஓடும். கடை முகப்பில் இருந்து மறைந்துவிடும்.

எது கெடும் என்றால், 'இஜெக்ட்' கொடுக்காமல் கேபிளைப் பிடுங்குவது. தரவுத்தளம் பாதியில் நின்று சிதைந்தால் ஃபேக்டரி ரீசெட்தான் கதி. கரண்டு போய்வரும் நேரத்தில் டெஸ்க்டாப்பில் இந்த வேலை வேண்டாம், லேப்டாப்பில் செய்யுங்கள்.

இரணியல்

பூக்ஸ் என்ற மின்வாசிப்புக் கருவி வைத்திருப்பவர்களுக்கு: அது ஆண்ட்ராய்டு. அதில் நீங்கள் போடும் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகப் பேசும். ரூட் செய்யாமலே (கருவியின் முழு அதிகாரத்தையும் திறக்காமலே) நெட்கார்ட் என்ற தடுப்பு ஆப்பைப் போட்டு, வாசிப்பு ஆப்புக்கு மட்டும் இணையத்தை மூடலாம். கேஓரீடர் என்ற வாசிப்பு ஆப்பைப் போட்டால் வாசிப்புப் புள்ளிவிவரம் கருவிக்குள்ளேயே தங்கும்.

நாகர்கோவில்

ஆப் எது என்பதும் முக்கியம். 2014 அக்டோபரில் அடோப் டிஜிட்டல் எடிஷன்ஸ் 4 என்ற மின்புத்தக மென்பொருள், வாசகர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கங்களைப் பார்த்தார் என்பதை மறையாக்கம்கூட இல்லாமல் தன் சர்வருக்கு அனுப்பியது வெளியே வந்தது. பிறகு 4.0.1-ல் மறையாக்கம் சேர்த்தார்கள். அனுப்புவதை நிறுத்தினார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

கோப்பே பேசவும் வாய்ப்பு உண்டு. ஈபப் என்ற மின்புத்தகக் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப். பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே இருக்கும் எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளில் படங்கள் வெளி இணைய முகவரியில் இருந்து வருகின்றனவா என்று தேடிப்பாருங்கள். அப்படி இருந்தால், அதை ஏற்றும் ஆப்பில் பக்கம் திறந்தவுடன் அந்த சர்வருக்கு உங்கள் ஐபி முகவரி போகும். டெலிகிராமில் சுற்றும் கோப்புகளை அப்படியே திறக்காதீர்கள் என்று சொல்வது இதனாலும்தான்.

தமிழ் வாசகருக்கு ஒரு வசதி. தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் தளங்களான, 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸும் லாகின் கேட்பதில்லை. இரண்டாவதில் ஈபப் தவிர 6 அங்குலத் திரைக்கென்றே பிடிஎஃப் உண்டு. கணினியில் இறக்கி, கேபிளில் ஏற்றினால் வைஃபையைத் தொடவே வேண்டாம். 2024-ல் வந்த கிண்டில்கள் பென் டிரைவ் மாதிரித் தெரியாது, போன் மாதிரி எம்டிபி என்ற கோப்பு மாற்றும் முறையில் தெரியும். விண்டோஸில் சிக்கல் இல்லை, மேக்கில் தனி ஆப் வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான கிண்டில் புத்தகங்களுக்கு இந்த வழி இப்போது இல்லை. கணினிக்கு இறக்கி யுஎஸ்பியில் ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-ல் அமேசான் எடுத்துவிட்டது.

பூதப்பாண்டி

வைஃபை திறக்காமலே இருந்தால் அப்டேட் எப்படி வரும் டீச்சர்?

நாகர்கோவில்

மக்கா, அதுக்கும் கேபிள்தான். அமேசானின் உதவிப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான 'பின்' கோப்பை இறக்கி, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் கிண்டிலின் முதல் தளத்திலேயே வைக்கவும். இஜெக்ட் செய்துவிட்டு, செட்டிங்ஸ் மெனுவில் 'அப்டேட் யுவர் கிண்டில்' கொடுக்கவும். அந்த வரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தால் கோப்பு வேறு மாடலுடையது, அல்லது அந்தப் பதிப்பு ஏற்கெனவே ஏறிவிட்டது. சார்ஜ் நிறைய இருக்கும்போது செய்.