கிணற்றுத் தண்ணீரின் வன்மை: விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு உதவி

வணக்கம். தரம் 8 பிள்ளையள் எங்கட கிணற்றுத் தண்ணீரின் வன்மையை (கல்சியம் போன்றவை கரைஞ்சிருப்பதால் சவர்க்காரம் லேசில நுரைக்காத தன்மை) ஒப்பிடப் போகினம். 5 கிராம் துருவின சவர்க்காரத்தை 500 மில்லிலீற்றர் இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீரில் கரைக்கவேணும். கிணற்றுத் தண்ணியில் கரைச்சால் சுண்ணக்கல்லிலிருந்து வந்த கல்சியம் அதைத் திரைய வைச்சிடும். 50 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணி மாதிரிக்கு இந்தச் சவர்க்காரக் கரைசலை 1 மில்லிலீற்றராக விட்டு, ஒவ்வொருமுறையும் போத்தலை மூடி 10 தரம் குலுக்கி, நுரை 1 நிமிடம் நிற்கும்வரை தொடருங்கோ; கூடக் கரைசல் தேவைப்பட்டால் வன்மையும் கூட. உடுப்புத் தோய்க்கிற பவுடர் சரிவராது, அது வன்னீரிலும் நுரைக்கும்.

கொதிக்கவைச்சு, ஆறவிட்டு, வடிகட்டின மாதிரியில் இருகாபனேற்று வன்மை (கொதிக்கவைச்சால் நீங்கிற தற்காலிக வன்மை) மட்டும் குறையும்.

சிக்கல் கரையோரக் கிணறுகள்தான். அங்கே உப்பும் சவர்க்காரத்தைத் திரைய வைக்கும். வன்மையையும் உப்பையும் பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரி எப்படிப் பிரிச்சுக் காட்டலாம்? கரைசலை அளந்து விடுற சிறிஞ்சிக்குப் பதிலாக ஒரு அளவி (பியூரெற்று, அளவு குறிச்ச கண்ணாடிக் குழாய்) இரண்டு கிழமைக்கு இரவல் தர ஆரும் இருக்கிறீங்களோ?