முத்துத் தேநீர், சீவல் ஐஸ்: கலைச்சொல் இழைக்கு என் மறுமொழி

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடல் உரையாடல் இழை முழுவதையும் படித்துவிட்டு எழுதுகிறேன். விசைப்பலகைச் செயலியின் எமோஜித் தேடலுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று தொடங்கிய பேச்சு இது. பெயர் வேண்டிய படங்கள் இரண்டு. எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் குறியெண் தரும் யூனிகோட் தரத்தின் 13ஆம் பதிப்பில் 2020இல் வந்த, ஆங்கிலத்தில் 'பபிள் டீ' எனப்படும், அடியில் மரவள்ளி மாவு உருண்டைகளும் மேலே குழலும் உள்ள குவளைப் படம் ஒன்று. 2010 முதலே இருக்கிற, கத்தியில் சீவிக் குவித்த ஐஸ் படம் இன்னொன்று. இரண்டாவது ஜப்பானியர் வழியாக வந்த படம் என்றாலும், நான் வேலை பார்க்கும் தைவானில் இரண்டுமே தெருவுக்குத் தெரு விற்கிற பண்டங்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "குமிழித் தேநீர்" என்றே வைத்துவிடலாமே, கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. அடியில் கிடக்கும் உருண்டைகளைத்தான் குமிழி என்கிறோம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் 'பபிள்' என்ற பெயர் அந்த உருண்டைகளைப் பார்த்து வந்ததல்ல. சீனத்தில் 'பாவ்மோ ஹோங்சா' என்று ஒரு பானம் உண்டு. பாவ்மோ என்றால் நுரை. ஹோங்சா என்பது நம் டீத்தூள் தருகிற அதே சிவந்த தேநீர். தேநீர், சர்க்கரைப்பாகு, ஐஸ் மூன்றையும் மூடிய குவளையில் போட்டுக் குலுக்கி ஊற்றினால் மேலே நுரை கட்டி நிற்கும். அந்த நுரைக்குத்தான் பெயர்.

தைச்சுங் நகரில் 1983இல் தொடங்கிய சுன் ஷுய் தாங் கடை இப்படிக் குலுக்கிய குளிர்ந்த தேநீரால் பெயர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த லின் சியூ ஹுய் என்ற பெண்மணி, தான் சாப்பிடக் கொண்டுவந்திருந்த உருண்டைகளை 1980களின் பிற்பகுதியில் தேநீரில் கொட்டிப் பார்த்ததாக அந்தக் கடை சொல்கிறது. இல்லை, 1986இலேயே எங்கள் கடையில் தொடங்கியது என்கிறது தைனான் நகரின் ஹான்லின். இருவரும் நீதிமன்றத்தில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மோதினார்கள். காப்புரிமை பெறாத பண்டம், யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதலில் செய்தவர் யார் என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை என்று 2019இல் வழக்கு முடிந்தது. நமக்கு வேண்டியது இதில் ஒன்றுதான்: நுரைத் தேநீர் முதலில் வந்தது, உருண்டை பிறகு வந்து சேர்ந்தது. நுரைக்கு வைத்த பெயரை எடுத்து உருண்டையின் தலையில் நாம் ஏன் கட்ட வேண்டும்?

அப்படியென்றால் 'நுரைத் தேநீர்' என்று திருத்திக்கொள்ளலாமா என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். பொருள் சரி. ஆனால் டீக்கடையில் தூக்கி ஆற்றுகிற நம் தேநீரிலும் நுரை இருக்கிறது, எதையும் வேறுபடுத்திக் காட்டாத சொல்லாகிவிடும். தைவானில் கடைப் பலகையில் எழுதியிருப்பது 'ஜென்ஜூ நைசா', அதாவது முத்துப் பால்தேநீர். நான் முன்மொழிவது முத்துத் தேநீர். பால் சேர்ந்ததைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் முத்துப் பால்தேநீர்.

> சேலத்தில் இருந்துகொண்டு இதை எப்படி விடுவது? ஜவ்வரிசித் தேநீர் என்று சொல்லுங்கள் ஐயா.

ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்து அண்ணனின் இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. உறவு உண்மையானதுதான். இரண்டுமே குச்சிக்கிழங்கு மாவு. தைவானியர் உருண்டையை அழைக்கும் பழைய பெயரான 'ஃபென்யுவான்' என்பதற்கே மாவுருண்டை என்றுதான் பொருள். அகராதி விளக்கத்தில் 'மரவள்ளி மாவில் செய்த, ஜவ்வரிசிக்கு இனமான உருண்டை' என்று கட்டாயம் எழுத வேண்டும். ஆனாலும் தலைச்சொல்லாக ஜவ்வரிசியை வைக்கத் தயக்கமாக இருக்கிறது. ஜவ்வரிசி என்றதும் பாயசத்தில் வெந்து கண்ணாடியாகிக் கரண்டியில் வழுக்குகிற மணிதான் நினைவுக்கு வரும். முத்து வேறு மாதிரி. மாவில் கொதிக்கும் சர்க்கரைப்பாகை ஊற்றி, சூட்டோடு பிசைந்து, கயிறாகத் திரித்து, துண்டு போட்டு உருட்டுகிறார்கள். அரைமணி நேரமாவது கொதிக்கவைத்து, மூடிவைத்துப் புழுங்கவிட்டு, அப்புறம் மறுபடி பாகில் ஊறப்போடுகிறார்கள். சில மணி நேரம் போனால் நடுவில் மாவு இறுகிக் கடினமாகிவிடும், அதனால் நல்ல கடைகளில் ஒரு நாளைக்குப் பலமுறை புதிதாக வேகவைப்பார்கள். கடிக்கும்போது பல்லைக் கொஞ்சம் எதிர்க்க வேண்டும். அந்த எதிர்ப்புக்காகத்தான் வாங்குகிறார்கள்.

அந்த எதிர்ப்புக்கும் தமிழில் சொல் வேண்டும். தைவானில் அதை 'க்யூக்யூ' என்பார்கள், பெரிய கடை முதல் தள்ளுவண்டி வரை எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். இழையில் 'மீள்நெகிழ்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இயற்பியல் பாடத்துக்குப் பொருந்தும், நாக்குக்குப் பொருந்தாது. நம் அடுப்படியில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று எத்தனை பதங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் ஜவ்வுப் பதம் என்று சொன்னால் ஜவ்வுமிட்டாய் தின்றவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. 'முத்து ஜவ்வுப் பதமா இருக்கு' என்று வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், தானாக உட்காருகிறது.

'போபா' என்று ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்துக்கு என் வாக்கு இல்லை. அமெரிக்காவில் பரவலான பெயர்தான். ஆனால் அது பெண்களின் மார்பைக் குறித்த ஒரு கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது, தைவானிலும் பெரிய அளவு முத்துக்கு மட்டுமே வழங்குகிறது. பள்ளிப்பிள்ளைகள் தேடும் சொல்வங்கியில் அதைத் தலைச்சொல்லாக வைப்பது நன்றாக இருக்காது. தேடலுக்கு மாற்றுச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும்.

'பழுப்புச் சர்க்கரை' என்று இரண்டு மடல்களில் பார்த்தேன். இதைத் திருத்தியே ஆக வேண்டும். குவளையின் உட்புறத்தில் கோடு கோடாக வழியவிடுகிற அந்தப் பாகுக்குச் சீனத்தில் 'ஹெய்தாங்', கறுப்புச் சர்க்கரை என்று பெயர். கரும்புச் சாற்றை வெல்லச் சத்து போகாமல் காய்ச்சி எடுப்பது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைப் பார்த்து நாம் நிறத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். நம் மளிகைக்கடையில் அதற்குப் பெயர் நாட்டுச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரை முத்துப்பால் என்று எழுதினால் படிக்கிறவருக்கு மணமே வந்துவிடும்.

சரி, ஐஸுக்கு வருவோம்.

> துருவிய பனி / செதுக்கிய பனி / பனித்துகள் – எது?

இங்கே வினைச்சொல்லைக் கவனமாகப் பிடிக்க வேண்டும். சீனத்தில் 'பாவ்பிங்'. அதன் முதல் எழுத்து தச்சர் மரத்தை இழைப்பதைக் குறிப்பது. கடையில் பார்த்தால் காரணம் புரியும்: முழு ஐஸ் கட்டியை மேலிருந்து அழுத்திப் பிடித்துச் சுழற்றுவார்கள், கீழே படுக்கையாகப் பதித்த கத்தியில் அது உரசி, இழைப்புளியிலிருந்து மரச்சுருள் விழுவது போலக் கிண்ணத்தில் விழும். தேங்காய் துருவுகிற வேலை அல்ல அது. துருவல் பொடிப்பொடியாக இருக்கும், செதுக்கல் என்றால் சிற்பம். இழைத்த ஐஸ் என்பது சரியான வினைதான், ஆனால் இன்று பலருக்கு இழை என்றால் நூல்தான். எனவே சீவல். பாக்குச் சீவல், உருளைச் சீவல் எல்லாம் கத்தியில் மெல்லிசாக விழுந்தவையே.

முன்னொட்டாகப் 'பனி' வேண்டுமா என்பதிலும் ஒரு சொல். குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ் என்று தமிழர் தாமாகவே ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். அதே வழியில் சீவல் ஐஸ். ஏட்டு நடைக்குப் பனிச்சீவல் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. இன்னொரு வகையும் உண்டு: தண்ணீருக்குப் பதில் பாலை உறையவைத்து, நாடா நாடாவாகச் சீவி மடித்து அடுக்குவது. 'ஷுவேஹுவா பிங்' என்பார்கள். கடித்தால் நறநறக்காது, நாக்கில் பட்டதும் போய்விடும். அதற்குப் பால்சீவல் ஐஸ் என்று தனிச்சொல் வைத்தே தீர வேண்டும், இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் சாப்பிட்டவர் ஒத்துக்கொள்ளமாட்டார். தைபெயின் யோங்காங் தெருவைப் புகழ்பெறச் செய்த மாம்பழ ஐஸ், கோடையில் தைனான் பக்கத்து யூஜிங் மாம்பழம் இறங்கும்போது சாப்பிட வேண்டியது. பழம் கிண்ணத்தை மறைத்துக் கிடக்கும்.

சிங்கப்பூர் அக்கா 'ஐஸ் கச்சாங்' இருக்க வேறு சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். அக்கா, கச்சாங் என்றால் மலாயில் பயறு. பயறும் வண்ணப் பாகும் போட்ட உங்கள் ஊர்ப் பண்டத்துக்கு அது உரிய பெயர், அப்படியே இருக்க வேண்டும். சீவல் ஐஸ் என்பது இனப்பெயர். ஐஸ் கச்சாங் அதன்கீழ் வரும் ஒரு வகை.

அதே காரணத்தால்தான் 'ஐயூ' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம் என்கிறேன். சீவல் ஐஸ் மேலும் எலுமிச்சைச் சாற்றிலும் மிதக்கிற, நுங்கு போன்ற தெளிந்த ஜெல்லி அது. அத்தி இனத்துக் கொடி ஒன்றின் விதைகளைத் துணியில் முடிந்து குளிர்ந்த நீருக்குள் பிசைவார்கள். அடுப்பு கிடையாது. விதையைச் சுற்றியுள்ள பெக்டின் என்ற பசைச் சத்து இறங்கி, நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, சற்று நேரத்தில் தானே உறைந்துவிடும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உறையாது என்று பிசைகிற அம்மாக்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். அதை முதலில் விற்ற வணிகருடைய மகளின் பெயர்தான் ஐயூ என்பது கதை. ஒரு பெண்ணின் பெயரை 'அத்திப்பாகு' என்று மாற்றுவது முறையாகாது. ஐயூ ஜெல்லி என்றே எழுதுவோம்.

கடைசியாக, தின்பண்டங்களுக்கான பொதுச்சொல். இரவுச் சந்தையில் விற்பதையெல்லாம் தைவானியர் 'ஷியாவ்சி' என்பார்கள்: சிறு உணவு. துளசி இனத்து இலையோடு பொரித்த கோழித்துண்டு, சிப்பி முட்டையடை, சர்க்கரைவள்ளி உருண்டை, ஒரு சின்னக் கிண்ணம் நூடுல்ஸ், எல்லாம் அதில் அடங்கும். நொறுக்குத்தீனி என்றால் நூடுல்ஸ் வெளியே போய்விடும். சிறு + உண்டி, சிற்றுண்டி என்று நம்மிடமே அச்சு அசலாக இருக்கிறது.

மறுப்பு உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். முத்துத் தேநீர், சீவல் ஐஸ் இரண்டையும் எமோஜிப் பெயர்களாகவும், பபிள் டீ, போபா, பனிச்சீவல் ஆகியவற்றைத் தேடல் சொற்களாகவும் பட்டியலில் ஏற்றுகிறேன். ஜவ்வுப் பதம் பற்றி மட்டும் சேலத்து அண்ணன் ஒரு வரி எழுத வேண்டும். ஆலைகளில் வெந்த மாவு இழுபடும் பக்குவத்துக்கு அங்கே வேறு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
சின்சூவிலிருந்து