நிக்கல் பூசின காசில் எபாக்ஸி கலர் வெளுக்குது, சிலது காயவே இல்லை. உதவுங்க

மலைக்காசு:
ஏற்காட்டில் 38 மி.மீ. பித்தளைக் காசுக்கும் 25 மி.மீ. சட்டைப் பின்னுக்கும் கையால கலர் போடறோம். காசு சேலத்தில் டை (உலோக அச்சு) அடிச்சு வருது, சட்டைப் பின் துத்தநாகக் கலவை வார்ப்பு. இரண்டும் நிக்கல் பூசினது, பள்ளம் 0.4 மி.மீ. இரண்டு பாக எபாக்ஸி (ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும்), 2-க்கு 1, பிக்மென்ட் பேஸ்ட் சேர்த்து சிரிஞ்சில் நிரப்பறோம். நவம்பரிலிருந்து காபிப்பழச் சிவப்பு மேல பால் ஆடை மாதிரி படலம். சில காசு 36 மணி நேரம் ஆகியும் பிசுபிசுங்குது. பின்னில் மட்டும் ஊசிமுனை ஓட்டை. ஏப்ரலில் இதே டப்பாதான், எந்தத் தொந்தரவும் இல்லை.

டைப்பட்டறை:
மூணையும் ஒரே கோளாறுன்னு நினைக்காதீங்க. முதல்ல படலம். வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு விரலால தேய்ங்க. போயிடுச்சுன்னா, ஹார்டனர்ல இருக்கிற அமீன்ங்கிற வேதிப்பொருள் காத்து ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேர்ந்து மேல கக்கின உப்பு அது. தின்னர் போட்டுத் துடைக்காதீங்க, இழுவிக்கும். தேய்ச்சும் போகலைன்னா ஈரம் உள்ளேயே மாட்டியிருக்கு, சுரண்டித்தான் எடுக்கணும்.

1500 மீட்டர் உயரத்துல, மூடுபனி ஜன்னல் வழியா உள்ள வர்ற மாசம் இது. குளிர்ந்த காசை எடுத்த உடனே கலர் விட்டா, கண்ணுக்குத் தெரியாத பனித்துளி மேலதான் விடறீங்க. முதல்ல காசை 40 டிகிரியில 15 நிமிஷம் வைங்க. நிரப்பினதும் 60 வாட் குண்டு பல்ப் போட்ட மூடின பெட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். எடுத்த எடுப்பில் 60 டிகிரிக்குப் போகாதீங்க. கலர் தண்ணியா இளகி மேட்டைத் தாண்டி பக்கத்துப் பள்ளத்துல இறங்கிடும். 40 டிகிரியில இறுகி, தொட்டா கோடு விழாத நிலை வந்ததும் 60-ல 2 மணி நேரம்.

அப்புறம் ஒரு கேள்வி: 2-க்கு 1 எடையா (கிராம்), அளவா (மி.லி.)? எதுல அளக்கறீங்க?

மலைக்காசு:
தராசுதான் அண்ணா. 10 கிராமுக்கு 5 கிராம்.

டைப்பட்டறை:
டப்பாவில் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அளவுன்னு போட்டிருந்தா உங்க கணக்கு தப்பு. ரெசின் கனம், ஹார்டனர் லேசு. 10 மி.லி. ரெசின் சுமார் 11.5 கிராம், 5 மி.லி. ஹார்டனர் சுமார் 4.9 கிராம். 10 கிராம் ரெசினுக்கு 4.3 கிராம் போதும், நீங்க 5 போடறீங்க. மிச்ச அமீன்தான் மேல கக்குது, அடியிலயும் மெத்துனு நிக்குது. ஏப்ரல் வெயில் இதை மறைச்சிருக்கும். உங்க டப்பாவோட அடர்த்தி கொஞ்சம் மாறலாம், அதையும் பாருங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரங்க வெச்சிருக்கிற 0.01 கிராம் தராசு இல்லாம சின்னக் கலவையில இறங்கவே கூடாது.

சில காசு மட்டும் பிசுபிசுங்குதுன்னா கலக்கினதும் சரியில்லை. 3 நிமிஷம் கலக்கி, வேற கப்புல ஊத்தி, இன்னொரு நிமிஷம் கலக்குங்க. முதல் கப்போட ஓரத்தைச் சுரண்டி சேர்க்காதீங்க, கலக்காத ரெசின் அங்கதான் ஒட்டியிருக்கும். பேஸ்ட் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணிக் கலர் ஒரு சொட்டுகூட ஆகாது. கையுறை போடுங்க, ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி பிடிச்சா அப்புறம் விடாது.

மீனாக்காரம்மா:
தம்பி, பின் ஓட்டைக்கு நான் சொல்றேன். கலர் விடாத பின்னை 10 மடங்கு பெரிசாக் காட்டுற லூப் கண்ணாடியில பாருங்க. பள்ளத்தில் குழி குழியா இருந்தா வார்ப்புலயே பொத்தல். அதுக்குள்ள மாட்டின காத்தும் நிக்கல் பூச்சுத் தண்ணியும் சூடு பட்டதும் மேல வருது. வெறும் பின்னை 80 டிகிரியில 1 மணி நேரம் வெச்சு எடுத்து, ஆறவிட்டு, முதல்ல பாதிப் பள்ளம் மட்டும் விடுங்க. குமிழியைக் குச்சி முனையால குத்திட்டு, இறுகின பிறகு மீதி. ஹீட் கன்னை மட்டும் கிட்ட கொண்டுபோகாதீங்க, கலர் பறந்துடும்.

குழி இல்லாம, கலர் வட்டமா விலகி அடியில நிக்கல் தெரிஞ்சா அது வேற: பாலிஷ் சோப்போ எண்ணெயோ இருக்கு. அசிட்டோன்ல கழுவி, அதுக்கப்புறம் விரலால பள்ளத்தைத் தொடாதீங்க.

மலைக்காசு:
சோப்புல படலம் போயிடுச்சு. டப்பாவில் அளவுன்னுதான் இருக்கு. பிசுபிசுப்புக் காசை இன்னும் சூடாக்கினா காயுமா? இன்னொண்ணு, காய்ந்த கலரை மேட்டோட சமமா தேய்ச்சு ஹார்ட் எனாமல் மாதிரி ஆக்கலாமா அண்ணா?

டைப்பட்டறை:
காயாது. சேர வேண்டியது சேரலை, சூடு என்ன பண்ணும்? 80 டிகிரி காட்டி, மெத்துனு இருக்கும்போதே மூங்கில் குச்சியால நெம்பி எடுங்க. இரும்பு படக்கூடாது, நிக்கல் கீறிடும்.

தேய்க்கிறது இந்தக் காசுல முடியாது, முதல் இழுப்புலயே நிக்கல் போய்ப் பித்தளை தெரியும். ஹார்ட் எனாமல்ல வரிசையே தலைகீழ்: பூச்சு இல்லாத காசுல கலரை மேட்டுக்கு மேல நிக்கிற மாதிரி விட்டு, முழுசா இறுகினதும் தண்ணி விட்டு 400, 600, 800, 1200 உப்புத்தாளில் தேய்ச்சு, பஃப் (துணிச் சக்கரப் பாலிஷ்) அடிச்சு, கடைசியாத்தான் நிக்கல். அடுத்த லாட்டில் 20 காசை நிக்கல் பூசாம அனுப்பச் சொல்லுங்க.